அக்கரை மேடைக்கு ஒரு சேதி

ஏரிக்கு இந்தப் பக்கம் ஓட்டல்கள், அந்தப் பக்கம் கேளிக்கைப் பூங்கா. இரண்டுக்கும் நடுவே தண்ணீருக்கு மேலே கம்பிவடம். அதில் கண்ணாடிப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கிக்கொண்டு போகும், வரும். ஓட்டலில் தங்கியிருப்பவர்கள் காலையில் பெட்டியேறிப் பூங்காவுக்குப் போவார்கள். தலைகீழாகச் சுற்றுகிற ராட்டினங்களில் ஏறி, காலையில் சாப்பிட்டதற்கெல்லாம் வருத்தப்பட்டுவிட்டு, சாயங்காலம் அதே வழியில் திரும்பி வருவார்கள்.

பெட்டிகள் யாருக்காகவும் நிற்பதில்லை. மேடைக்குள் நுழைந்ததும் வேகம் தணிந்து, நிறைமாதக்காரி நடப்பதுபோல மெல்ல ஊர்ந்து, பெரிய சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு வந்த திசைக்கே போய்விடும். அந்த ஊர்கிற நேரத்துக்குள் இறங்குகிறவர்கள் இறங்க வேண்டும், ஏறுகிறவர்கள் ஏற வேண்டும். ஓட்டல் மேடையில் நின்று கைகொடுத்து இறக்கி, ஏற்றி, கதவு சாத்தியதும் இரண்டு தட்டுத் தட்டி அனுப்புகிறவளைக் கூட வேலை பார்ப்பவர்கள் கதவக்கா என்று கூப்பிட்டார்கள். பூங்கா மேடையில் அதே வேலையைப் பார்த்தவன் அவள் கணவன். அவனுக்கு நெட்டையன் என்று பேர். பெட்டிக்குள் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை பேசுவதென்றாலும் அவன் கேள்விக்குறி மாதிரி வளைய வேண்டியிருந்தது.

இந்தக் கணவனும் மனைவியும் பேச்சை நிறுத்திக்கொண்ட கதை ஒரு விருந்தில் தொடங்கியது. கதவக்காவின் அண்ணனும் அண்ணியும் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். நன்றாகத்தான் போனது. கிளம்புகிற நேரத்தில் வாசலில் நின்ற கதவக்கா, அண்ணியின் முழங்கையைப் பிடித்து, "கால் பாத்து வைங்க, கையை உள்ள வெச்சுக்குங்க, இந்த நாள் இனிய நாளா அமையட்டும்" என்று சொல்லிவிட்டாள். வாய்ப்பழக்கம். அதோடு விட்டிருக்கலாம். நெட்டையனுக்கு நாக்கு அரித்தது. இவள் தூக்கத்திலும் இப்படித்தான், தான் புரண்டு படுத்தால் முழுசாக உள்ளே போங்க சார் என்கிறாள், சில நாள் முதுகில் இரண்டு தட்டும் தட்டுகிறாள் என்று எடுத்துவிட்டான். அண்ணன் சிரித்தான். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தத் தண்ணீர்தான் கதவக்காவுக்குப் பொறுக்கவில்லை.

அவர்கள் போனதும் அவள் தட்டுகளை எடுத்து அடுக்கினாள். "இனிமே நான் வாயைத் திறந்தா உங்களுக்கு அறிவிப்பு மாதிரிதான் கேக்கும். அதனால திறக்கல" என்று சொன்னாள். சொன்னபடியே திறக்கவில்லை. நாள் முழுக்க ஊர்பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் வளைகிறவன், வீட்டில் மட்டும் விறைத்துக்கொண்டு நின்றான்.

ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் காலம் தள்ள முடியாது. வீட்டுச் சாவி ஒன்றே ஒன்று இருந்தது. ஒருநாள் அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்த கதவக்காவுக்கு, அதை அவனிடம் சொல்லவில்லையே என்று மத்தியானம்தான் உறைத்தது. வேலை நேரத்தில் கைப்பேசியைப் பூட்டி வைத்துவிட வேண்டும். கையில் இருந்தாலும் அவள் கூப்பிட்டிருக்க மாட்டாள் என்பது வேறு விஷயம். அப்போது தொப்பி வைத்த ஒரு பெரியவர் தன் மனைவியோடு பெட்டியேறினார். கதவக்கா அவரிடம், அந்தப் பக்கம் உயரமாக ஒருத்தர் நிற்பார், சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட முடியுமா என்று கேட்டாள்.

"இதை நீங்களே சொல்லலாமேம்மா" என்றார் தொப்பிக்காரர்.

"அவரோட பேசறதில்லைங்க."

"யாரு அவரு?"

"வீட்டுக்காரர்" என்று அவள் சொல்லும்போதே கதவு சாத்திக்கொண்டது. பழக்கதோஷத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

ஏரியைக் கடக்கக் கால்மணி நேரம் ஆகும். அதற்குள் தொப்பிக்காரரும் மனைவியும் விஷயத்தை அலசிக் காயப்போட்டிருக்க வேண்டும். பூங்காவில் இறங்காமல் அதே பெட்டியில் திரும்பி வந்தார்கள். வலதுபக்கத்து வீடா இடதுபக்கத்து வீடா என்று கேட்கிறாராம். அது பதில். அதற்கு மேல் அந்த அம்மாள் தன் பங்குக்கு, பிள்ளை முகம் வாடிக் கிடக்கிறது, சாப்பிட்டானோ இல்லையோ என்றாள். வலதுபக்கத்து வீடு என்று கதவக்கா சொல்லியனுப்பினாள். சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர்கள் மறுபடி வந்தார்கள். சாப்பிடவில்லையாம், பசியில்லையாம், ஆனால் பசியில்லை என்று சொன்ன குரலில் பசி இருந்ததாம். அன்று முழுவதும் அந்தத் தம்பதி வானத்திலேயே இருந்தார்கள். பூங்காவின் ஒரு ராட்டினத்தைக்கூடப் பார்க்காமல், மிகவும் திருப்தியாக அறைக்குப் போனார்கள்.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் அவர்கள் வாயைத் திறந்திருக்கிறார்கள். கதவக்கா மேடைக்கு வந்தபோது வரிசையில் நின்றவர்கள் அவளையே ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். முதல் பெட்டியில் ஏறிய பெண்மணி, "எங்களுக்கு ஏதாவது சேதி இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றதும் முகம் தொங்கிப்போயிற்று. பாவமாக இருந்ததால் கதவக்கா யோசித்து, பால் வாங்கி வரச் சொல்லியனுப்பினாள். அடுத்த பெட்டிக்காரர்களும் கேட்டார்கள். அவர்களிடம் அரை லிட்டர் என்று சொன்னாள்.

ஓட்டலில் இருப்பவர்கள் எல்லாரும் அவள் கட்சி. ஆனால் பூங்காவுக்குப் போய் நெட்டையனின் வளைந்த முதுகையும் இறங்கிய தோளையும் பார்த்தவர்கள் திரும்பி வருகையில் ஏரியின் நடுவே கட்சி மாறினார்கள். பெட்டிக்குள்ளேயே வாக்குவாதம் மூண்டது. சிரித்துப் பேசிக்கொண்டு ஏறிய ஒரு இளம் ஜோடி, இறங்கும்போது ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இறங்கியது. பிறகு அந்தப் பெண் தன் அறைச் சாவி எங்கே என்று கணவனிடம் கேட்கச் சொல்லி, பின்பெட்டியில் வந்தவர்களைத் தூது அனுப்பினாள்.

சேதிகள் போகிற வழியில் கொழுத்தன. ஒருநாள் நெட்டையன், குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிடட்டுமா என்று கேட்டு அனுப்பினான். சேதி கொண்டுவந்த ஆளுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவர் பெட்டியிலிருந்து இறங்கி, கதவக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "குளியலறையில உக்காந்து அழறாராம்மா. ஆளைக் கூப்பிடட்டுமான்னு கேக்கறார்" என்றார்.  அன்று ஏறியவர்களுக்குக் கதவக்கா கைகொடுக்கும்போது யார் கை என்றே பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் அவன் குளிக்கப் போனதும், சத்தமில்லாமல் ஒரு முக்காலியைக் கொண்டுபோய்க் கதவருகே போட்டு உட்கார்ந்தாள். உள்ளே சொட்டுச் சொட்டென்று சத்தம் கேட்டது. நெடுநேரம் கேட்டது. மனுஷன் இவ்வளவா அழுவான் என்று நெஞ்சு கனத்துப் போயிற்று. அவன் துண்டோடு வெளியே வந்தான். முகம் பளிச்சென்று இருந்தது.

"குழாயா?" என்றாள்.

"குழாய்தான்" என்றான் அவன்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஏன் சிரிக்கிறாள் என்று தெரியாமலே அவனும் சிரித்தான். அன்று நாலு பேருக்கு முன்னால் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று, நிலைப்படிக்குக் குனிந்த வாக்கிலேயே சொன்னான். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. "தூக்கத்துல நீங்க 'அடுத்தவங்க வாங்க, அடுத்தவங்க வாங்க'ன்னு கூப்பிடுறீங்க. கட்டில்ல நான் ஒருத்திதான் படுத்திருக்கேன். இதை நான் யார்கிட்டயாவது சொன்னேனா?" என்றாள். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கு மனசு முழுசாக ஆறிவிட்டது.

மறுநாள் காலை இருவரும் ஜோடியாக, ஒரே பேருந்தில் வேலைக்கு வந்து இறங்கினார்கள். அதை மேலாளர் பார்த்துவிட்டார்.

மேலாளர் உடனே இருவரையும் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பெட்டிப் பயணம் சலிப்பாக இருக்கிறது, பார்க்க ஒன்றுமில்லை, வெறும் தண்ணீர் என்று விருந்தினர்கள் வருஷக்கணக்காகக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் பேச்சை நிறுத்திய நாளிலிருந்து ஒரு குறையும் இல்லை. பூங்காவில் பெரிய ராட்டினத்தை விட இந்தச் சண்டைக்குத்தான் கூட்டம். ஆகவே சீசன் முடிகிற வரைக்கும் சமாதானம் கூடாது என்றார். வீட்டில் எப்படி வேண்டுமானாலும் இருந்துகொள்ளலாம், ஆனால் மேடையில் முறைப்பு இருக்க வேண்டும், தனித்தனிப் பேருந்தில் வர வேண்டும். முடியாது என்றால் நெட்டையனைக் கரடி உடுப்புக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

பூங்காவில் குழந்தைகளோடு கைகுலுக்குகிற கரடி ஒன்று உண்டு. அந்த உடுப்பு சராசரி ஆளுக்குத் தைத்தது. அதற்குள் போனவர்கள் வெயிலில் வெந்து, பிழிந்த துணியாக வெளியே வருவார்கள். நெட்டையன் தலையை ஆட்டினான். கதவக்காவும் ஆட்டினாள்.

அன்றிலிருந்து ஓட்டல் முகப்பில் 'இன்றைய குறை' என்று ஒரு பலகை வைத்தார்கள். காலையில் மேலாளரே வந்து, இன்றைக்கு அவரைப் பற்றி இதைச் சொல்லு, அவளைப் பற்றி அதைச் சொல்லு என்று இரண்டு மேடைக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தார். தலையணை உறையை மாற்றவே மாட்டேன் என்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். பிறந்தநாளை ஞாபகம் வைத்திருக்கிறாள், ஆனால் ஞாபகம் வைத்திருப்பதைச் சொல்லிக் காட்டுகிறாள். குறைகள் அவ்வளவு கூர்மையாக இருந்தன. இந்த மனிதர் இதையெல்லாம் எங்கேயிருந்து பிடிக்கிறார் என்று கதவக்கா முதலில் ஆச்சரியப்பட்டாள். நாலைந்து நாளில் புரிந்துபோயிற்று. அதற்கப்புறம் அவரைப் பார்க்கும்போது அவளுக்குக் கோபம் வரவில்லை, சங்கடமாக இருந்தது.

இப்படி வீட்டில் கொஞ்சலும் மேடையில் முறைப்புமாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒருநாள் முற்பகலில் கைப்பையும் துணிப்பையுமாக மேடையில் வந்து நின்றாள் அவள் மாமியார். ஊரில் யாரோ விடுமுறைக்கு இங்கே வந்துபோய், உங்கள் மருமகள் உங்கள் மகனை ஏரிக்கு அந்தப் பக்கம் தள்ளி வைத்துவிட்டாள், பெட்டி பெட்டியாகத் திட்டு அனுப்புகிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள். மாமியார் கிளம்பி வந்துவிட்டாள். மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். வாங்க அத்தை என்று கதவக்கா சொல்லி முடிப்பதற்குள், ஊர்ந்துகொண்டிருந்த பெட்டிக்குள் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்து, பைகளைப் பக்கத்தில் பரப்பிக்கொண்டாள்.

"நீயும் அவனும் ஒண்ணா என் முன்னால வந்து நிக்கணும். அதுவரைக்கும் நான் இதுலேர்ந்து இறங்கமாட்டேன்" என்றாள்.

கதவக்கா பெட்டியோடு கூடவே நடந்தாள். "அத்தை, நாங்க சேந்துட்டோம். இதெல்லாம் சும்மா."

பெட்டிக்குள் இருந்தவர்கள் கைதட்டினார்கள். இன்றைய பகுதி பிரமாதம் என்று ஒருவர் பாராட்டினார்.

"என்கிட்டயும் நாடகமா?" என்றாள் மாமியார். கதவு சாத்திக்கொண்டது.

அந்தப் பக்கம் நெட்டையன் என்ன சொன்னானோ, அதுவும் எடுபடவில்லை. மாமியார் திரும்பி வந்தாள், வந்த வேகத்தில் மறுபடி போனாள். அவளை இறக்கச் சொல்லி மேலாளரிடம் கேட்டதற்கு, ஓடுகிற பெட்டியிலிருந்து யாரையும் இழுத்து இறக்கக் கூடாது என்பது விதி என்றார். பெட்டிகளை நிறுத்தக் கூடாதா என்றால், அந்த அம்மாளோடு ஒரே பெட்டியில் போவதற்கென்றே தனி வரிசை உருவாகியிருக்கிறதே, பார்க்கவில்லையா என்றார். உண்மைதான். மாமியார் ஏறுகிறவர்களிடம் எல்லாம் தன் கணவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கூடவே மற்றவர்களுடைய குடும்ப வழக்குகளுக்கும் தீர்ப்பு வழங்கினாள். பேச்சை நிறுத்தியிருந்த அந்த இளம் ஜோடி அவள் பெட்டியில் ஏறி, திட்டு வாங்கிக்கொண்டு, கைகோத்து இறங்கியது. ஓட்டல்காரர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் அவளுக்கு வெந்நீர் கொண்டுவந்து நீட்டினார்கள். வெந்நீர் ஆறிவிட்டது என்று அவள் அடுத்த சுற்றில் திருப்பிக் கொடுத்தாள்.

மத்தியானம் தாண்டியது. ஊர் வேடிக்கை பார்க்க மாமியார் அந்தரத்தில் தொங்குவதைக் கதவக்காவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மாமியாரின் பெட்டி சக்கரத்தைச் சுற்றிக் கிளம்பியதும், அடுத்த பெட்டிக்குள் அவளே தாவி ஏறிவிட்டாள். அத்தைக்குப் பின்னாலேயே போய் அந்தப் பக்கம் இறங்கி, வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திக் காட்டிவிட வேண்டியதுதான் என்று திட்டம். உள்ளே இருந்தவர்கள் மகிழ்ச்சியோடு நகர்ந்து இடம் கொடுத்தார்கள். எத்தனையோ வருஷம் கதவைத் தட்டி அனுப்பியவள், உள்ளேயிருந்து அந்தக் கதவு சாத்துவதை அன்றுதான் பார்த்தாள். தட்ட ஆளில்லாமல் அது வெறுமனே சாத்திக்கொண்டது.

ஏரியின் நடுவை நெருங்கும்போது எதிர்வடத்தில் வந்த பெட்டிகளைப் பார்த்தாள். அதில் ஒன்றில், மற்றவர்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, ஒருத்தன் மட்டும் கூரையில் தலை இடிக்காமல் இருக்க வளைந்து நின்றுகொண்டிருந்தான். நெட்டையனும் மேடையை விட்டுவிட்டுக் கிளம்பியிருந்தான்.

மேடையில் நிற்கிறவர் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். தொடர்ந்து ஏழெட்டு நிமிஷம் அழுத்தாவிட்டால் ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று இயந்திரம் தானாக நின்றுவிடும். ஒரு மேடையில் அழுத்தாமல் போனாலே நிற்கும், இன்று இரண்டிலும் ஆளில்லை. பெட்டிகள் ஒரு குலுக்குக் குலுங்கி, முன்னும் பின்னும் ஆடி, நின்றன. நெட்டையனுடைய பெட்டி கிட்டத்தட்ட அவளுக்கு எதிரே நின்றது. முன்னால் மாமியாரின் பெட்டி. கீழே ஏரி. நின்றால் எல்லாப் பெட்டிகளின் ஒலிவாங்கிகளும் ஒலிபெருக்கிகளும் தானே திறந்துகொள்ளும், ஆபத்து நேரத்தில் ஒருத்தர் பேசுவது எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்று. அது இவர்கள் மூவருக்கும் அப்போது ஞாபகம் இல்லை, அல்லது தெரியாது.

கதவக்கா காற்றுக்காகத் திறந்து வைத்த சின்ன ஜன்னலில் வாயை வைத்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள்.

"உன்கிட்டதான்" என்றான் அவன். "நீ எங்க?"

"உங்ககிட்ட."

 பிறகு முன்பெட்டியிலிருந்து மாமியாரின் குரல் கேட்டது. "அப்ப நிஜமாவே சண்டை இல்லையாடா?"

"வேலைக்காகச் சண்டைம்மா" என்றான் நெட்டையன். கரடி உடுப்பைப் பற்றி, வெட்கத்தோடு, எல்லாவற்றையும் சொன்னான். மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, திருப்பிக் கேட்டாள்.

"கரடி வேஷம் போடறது கேவலமா, கட்டினவளை ஊர் முன்னால குறை சொல்றது கேவலமா? நீயே யோசி."

நெட்டையன் யோசித்தான். ஒலிபெருக்கியில் அவன் மூச்சுவிடுவதுகூடக் கேட்டது. "கரடியாவே போறேன்மா" என்றான்.

 கதவக்காவின் பெட்டியில் இருந்த ஒருவருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஏமாற்றப்பட்டவர் மாதிரி, அப்படியென்றால் அந்தத் தலையணை உறை விவகாரம் என்று கேட்டார்.

"அது மேலாளர் வீட்டு உறைங்க" என்று சொல்லிவிட்டாள் கதவக்கா.

அது எல்லாப் பெட்டிகளிலும், இரண்டு மேடைகளிலும், ஓட்டல் முகப்பிலும் கேட்டது. 

கொஞ்ச நேரத்தில் பெட்டிகள் மறுபடி நகர்ந்தன. பூங்கா மேடையில் யாரையோ நிறுத்தியிருந்தார்கள்; ஆள் கிடைக்காமல் ஓட்டல் மேடையில் மேலாளரே நின்று பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். கதவக்கா பூங்கா மேடையில் இறங்காமல் அப்படியே சுற்றித் திரும்பினாள். மாமியாரும் திரும்பினாள். முதலிலேயே வந்து சேர்ந்திருந்த நெட்டையன் மேடையில் நின்று அவர்கள் இருவருக்கும் கைகொடுத்தான். மூவரும் மேலாளருக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். திட்டுவார் என்று கதவக்கா காத்திருந்தாள். அவர் அவர்களைப் பார்க்காமல், தான் கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது என்றார். மேல்கோட்டைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போனார். மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தபோது முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. பலகையை எடுத்துவிட்டார்கள்.

நெட்டையன் கரடியானான். அவனுக்காகக் கணுக்கால் பக்கம் வேறு நிறத் துணி வைத்து உடுப்பை நீட்டினார்கள். இவ்வளவு உயரமான கரடியைப் பார்த்துக் குழந்தைகள் முதலில் அலறினார்கள், பிறகு அதன் காலைக் கட்டிக்கொண்டு விட மறுத்தார்கள். குனிந்து குனிந்து பேசிப் பழகியவன் ஆகையால் அந்த வேலை அவனுக்குக் கைவந்துவிட்டது. பூங்கா மேடைக்குப் புதிதாக ஒருத்தர் வந்தார். நல்ல மனிதர், யாருக்கும் சொல்ல அவரிடம் சேதி எதுவும் இல்லை. பயணம் சலிப்பாக இருக்கிறது என்று விருந்தினர்கள் மறுபடி குறை சொல்லத் தொடங்கினார்கள். மாமியார் இரண்டு வாரம் இருந்துவிட்டு, எல்லாரும் நல்லபடியாக இருங்கள் என்று சொல்லி ஊருக்குப் போனாள். அந்த இரண்டு வாரமும் தினம் ஒரு சுற்றுப் போய்வந்தாள், வெந்நீர் இல்லாமலே.

கரடிக்கு உச்சிவெயிலில் நீண்ட ஓய்வு உண்டு. அந்த நேரத்தில் நெட்டையன் பெட்டியேறி ஓட்டல் மேடைக்கு வருவான். சக்கரத்துக்குப் பின்னால் நிழலில் ஒரு மரப்பலகை கிடக்கும். இருவரும் அதில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கரடித் தலையைக் கழற்றிக் கதவக்காவின் மடியில் வைத்துவிட்டு, கம்பளி உடம்போடு சுவரில் சாய்ந்து அவன் கண்ணயர்ந்துவிடுவான். அவள் கைக்குட்டையால் அவன் கழுத்து வியர்வையை ஒற்றி எடுப்பாள். ஊர்ந்துபோகிற பெட்டிகளிலிருந்து பெரியவர்கள் கடிகாரத்தையும் கைப்பையையும் பார்த்துக்கொண்டு போவார்கள். குழந்தைகள் மட்டும் அவள் மடியில் இருக்கிற தலைக்குக் கையசைத்துவிட்டுப் போவார்கள்.